நிறம் ஏற்றுதல்: ஸ்டெயின் டப்பாவைத் திறக்கும் முன்னும் பின்னும்

ஸ்டெயின் எதையும் மறைக்காது. பெயின்ட் என்றால் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, அடியில் மரம் எப்படி இருந்தாலும் மேலே ஒரே நிறமாக மூடிவிடலாம். ஸ்டெயின் மரத்துக்குள் இறங்கும் பொருள். உப்புத்தாள் குறுக்கே ஓடிய கீறல், மூட்டில் துடைக்காமல் விட்ட பசை, பலகை மேல் சொட்டிய வியர்வைகூட நிறம் ஏறியதும் வெளியே வந்து நிற்கும். வெறும் மரத்தில் இவை கண்ணுக்கே தெரிந்திருக்காது. அதனால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி டப்பாவைத் திறப்பதற்கு முந்தைய வேலையைப் பற்றியது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் கடைசியில் கோளாறுகளைச் சரிசெய்யும் பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும்.

எந்த மரம்?

கடையில் நிற அட்டையைப் பார்த்து 'வால்நட்', 'ரோஸ்வுட்' என்று கை காட்டும் முன், வீட்டில் இருக்கும் மரத்தைப் பாருங்கள். ஸ்டெயின் மரத்தை அடர்த்தியாக்கும், வெளுக்க வைக்காது. அட்டையில் தெரியும் நிறம் ஏதோ ஒரு வெளிர் மரத்தில் அடித்துக் காட்டியது. உங்கள் பலகையின் சொந்த நிறமும் அதோடு கூடித்தான் முடிவு வரும்.

நல்ல தேக்குக்கு ஸ்டெயின் வேண்டியதில்லை என்பது என் கட்சி. அறுத்த புதிதில் அதில் பச்சையும் பழுப்புமாகக் கோடுகள் தெரியும். வெளிச்சம் படப்பட அவை அடங்கிப் பொன்பழுப்பாகிவிடும். அதுவரை பொறுக்காமல் முதல் நாளே அடர்ந்த நிறத்தை ஏற்றுகிறவர், அத்தனை விலை கொடுத்துத் தேக்கு வாங்கியிருக்க வேண்டாம். தேக்கில் ஸ்டெயினுக்கு உண்மையான வேலை ஒன்றுதான்: வைரத்தையும் அதை ஒட்டிய வெள்ளையையும் ஒன்றாகக் காட்டுவது. இப்போது வரும் கதவுகளில் வெள்ளை விழாத பலகை அரிது. அந்த வெளிர்ந்த பட்டையில் மட்டும் சிறு தூரிகையால் மெல்லிய நிறத்தை ஏற்றி வைரத்தோடு சேர்த்துவிட்டால் போதும். முழுக் கதவையும் நனைக்க வேண்டாம்.

பலாவுக்கும் அவசரப்பட வேண்டாம். இழைத்த அன்று மஞ்சளாக இருக்கும் பலகை, ஆண்டுகள் போகப்போகத் தானாகச் செம்பழுப்புக்கு வந்துவிடும். வேங்கை வேறு மாதிரி. ஈரம் பட்டால் அதுவே சாயம் கசியும். வேங்கைக் குவளையில் ஊற்றி வைத்த தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதன் மேல் தண்ணீர் கலந்த ஸ்டெயினை அடித்தால் எந்த நிறம் யாருடையது என்று பிரிக்க முடியாது.

ஸ்டெயின் உண்மையிலேயே தேவைப்படுவது வெளிர் மரங்களுக்கு: ரப்பர் மரம், பைன், மாமரம், சாதாரண பிளைவுட். சிக்கலும் இவற்றில்தான். ரப்பர் மரப் பலகைகள் பெரும்பாலும் சிறு சிறு துண்டுகளைக் கோத்து ஒட்டியவை. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு நிறம் குடிக்கும். பைனில் ஒவ்வொரு வளையத்திலும் முதலில் வளரும் பகுதி வெளிர்ந்து மென்மையாகவும், பின்னால் வளரும் பகுதி கறுத்துக் கெட்டியாகவும் இருக்கும். மென்மையானது நிறத்தை இழுக்கும், கெட்டியானது இழுக்காது. ஆகவே போட்டோ நெகட்டிவ் போல, வெளிர்ந்திருந்த கோடு கறுத்தும் கறுத்திருந்த கோடு வெளிர்ந்தும் போய்விடும். பைன் பலகையில் தேக்கு நிறம் அடித்தாலும் அது தேக்காகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

கடையில் கேட்க வேண்டியது

பெயின்ட் கடையில் 'ஸ்டெயின்' என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்களில் ஏதாவது ஒன்று கைக்கு வரலாம். ஒன்று நாம் பேசும் வுட் ஸ்டெயின். இரண்டாவது ஸ்டெயினர்: பெயின்டுக்கு நிறம் கலக்கும் சிறு பாட்டில். அதை டர்பன்டைனில் கரைத்து மரத்தில் தேய்க்கும் பாலிஷ்காரர்கள் உண்டு. அதில் நிறத்தைப் பிடித்துவைக்கும் பசைப்பொருள் போதாததால், மேல்பூச்சு அடிக்கும்போது நிறம் துணியோடு வந்துவிடும். மூன்றாவது நிறம் கலந்த வார்னிஷ். இது மரத்துக்குள் இறங்காது. மேலே கண்ணாடிப் படலமாக நிற்கும். நாற்காலிக் கால் சுவரில் உரசினால் படலம் பெயர்ந்து வெள்ளை மரம் தெரியும். ஒரே பூச்சில் வேலை முடியும் என்பது அதன் கவர்ச்சி. ஆள் புழங்காத அலமாரியின் உட்பக்கத்துக்கு அது போதும், மேஜைக்கு வேண்டாம்.

வுட் ஸ்டெயினிலும் இரண்டு வகை நிறம் உண்டு. நிறப்பொடி கலந்ததில் துகள்கள் மரத்தின் கண்களிலும் கீறல்களிலும் போய் உட்காரும். டப்பாவின் அடியில் சேறாகப் படிந்திருப்பது அதுதான். தேக்கு, வாகை போன்று கண் பெரிதாக இருக்கும் மரங்களில் ரேகையை எடுப்பாகக் காட்டும். சாயம் கலந்ததில் நிறம் முழுவதும் கரைந்திருக்கும். அது நாருக்குள்ளேயே இறங்கிக் கண்ணாடி போன்ற தெளிவைக் கொடுக்கும், ஆனால் வெயிலில் வெளுக்கும். மேற்குப் பார்த்த வாசல் கதவுக்குச் சாய வகையை வாங்காதீர்கள்.

அடுத்தது, நிறம் எதில் கரைந்திருக்கிறது என்பது. டர்பன்டைனில் கரைந்த எண்ணெய் வகை மெதுவாகக் காயும், துடைக்க நேரம் கொடுக்கும். முதல்முறை செய்பவருக்கு இதையே சொல்வேன். தண்ணீர் வகையில் நாற்றம் குறைவு, சீக்கிரம் காயும், ஆனால் மரத்தின் நார்களை எழுப்பிவிடும். ஸ்பிரிட், தின்னர் வகைகள் சில நிமிடங்களில் காய்ந்துபோகும். ஸ்பிரே துப்பாக்கி பிடித்துப் பழகியவர் கையில் அவை அழகாக வரும்; துணியில் தேய்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும். கெட்டியாகத் தயிர்ப் பதத்தில் வரும் ஜெல் ஸ்டெயின் ஆழமாக இறங்காது. திட்டு விழும் பைனுக்கும், கழற்ற முடியாமல் நின்றுகொண்டிருக்கும் நிலைச்சட்டத்துக்கும் அதுவே ஏற்றது.

நல்ல கறுப்பு வேண்டுமென்றால் கடைக்கே போக வேண்டாம். கலம்காரித் துணியில் கறுப்புக் கோட்டைத் தருவது இரும்பும் கடுக்காயும் சேர்ந்த வேதிவினை. அதே வினை மரத்திலும் நடக்கும். வினிகரில் இரும்பு நாரைச் சில நாள் ஊறப்போட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். மூடியை இறுக்காதீர்கள், வாயு கிளம்பும். கடுக்காயைத் தட்டிக் கொதிக்கவைத்த தண்ணீரை மரத்தில் பூசி, அது காய்ந்ததும் இரும்புக் கரைசலைப் பூசினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் கறுக்கும். கருவேலத்தில் துவர்ப்புச் சத்து இயல்பிலேயே இருப்பதால் கடுக்காய் இல்லாமலே ஓரளவு பிடிக்கும்.

மரத்தைத் தயார் செய்தல்

பழைய சாமான் என்றால் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பழைய வார்னிஷோ மெழுகோ இன்னும் இருக்கிறது. ரிமூவர் போட்டு முழுதும் எடுக்காமல் ஸ்டெயின் இறங்காது. உறிஞ்சிக்கொண்டால் வேலையைத் தொடங்கலாம்.

உப்புத்தாளை 80 நம்பரில் தொடங்கி 120, 150, 180 என்று ஏறுங்கள். இழைப்புளி போட்ட நல்ல பலகைக்கு 120-இலேயே தொடங்கலாம். ஒவ்வொரு நம்பரின் வேலையும் முந்தைய நம்பர் விட்ட கீறலை எடுப்பது மட்டும்தான். 80-இலிருந்து நேரே 180-க்குத் தாவினால் ஆழக் கீறல்கள் அப்படியே தங்கி, அவற்றில் நிறப்பொடி போய் உட்காரும். எப்போதும் ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். மிஷின் போட்டால் கடைசி நம்பரை மறுபடி கையால் ரேகையோடு ஓட்ட வேண்டும். மிஷின் விட்ட சுருள் சுருளான கீறல்கள் வேறெப்படியும் போகாது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பார்த்தால், மிச்சமிருக்கும் கீறல் எல்லாம் நிழலோடு தெரியும்.

மிகையாக வழவழப்பாக்குவதும் தப்பு. 180-க்கு மேல் போகப்போக நிறப்பொடி பிடிக்க இடமில்லாமல் மரம் வெளிர்ந்தே நிற்கும். இந்தக் குணத்தையே நமக்குச் சாதகமாக்கலாம். குறுக்கே அறுத்த முனைகள் நிறத்தை அளவுக்கு மீறி இழுத்துக் கறுத்துவிடும். அந்த முனைகளை மட்டும் 240 வரை தேய்த்துவிட்டால் மற்ற இடத்தோடு ஒத்துவரும். வெனீர் ஒட்டிய பிளைவுட்டில் கை அடக்கம் வேண்டும். மேல் தகடு ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். ஓரங்களில் இரண்டு இழுப்பு கூடினாலே அடிமரம் தெரிந்துவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது.

தண்ணீர் வகை ஸ்டெயின் என்றால் இன்னொரு படி. பிழிந்த ஈரத்துணியால் மரம் முழுவதையும் துடைத்துக் காயவிடுங்கள். நார்கள் எழுந்து சொரசொரப்பாகும். 220 நம்பரால் மெல்ல, அழுத்தாமல் ஒரு தடவை தடவி அவற்றைக் கொய்துவிட்டால் ஸ்டெயின் அடிக்கும்போது அவ்வளவாக எழாது. இரும்பு நாரை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். உடைந்த துணுக்குகள் மரத்தில் தங்கி, ஈரம் பட்டதும் கறும்புள்ளிகளாகிவிடும்.

பசை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டில் பிதுங்கிய வெள்ளைப் பசையை ஆசாரி விரலால் வழித்துவிட்டுப் போயிருப்பார். அது காய்ந்ததும் நிறமில்லாமல் ஆகிவிடுவதால் தெரியாது. ஸ்டெயின் அடித்ததும் விரல் போன வழி வெள்ளையாகத் தெரியும். டர்பன்டைன் நனைத்த துணியால் மூட்டுகளைத் துடைத்துப் பார்த்தால் பசை இருக்கும் இடம் ஈரமாகாமல் வெளிர்ந்து காட்டிக்கொடுக்கும். அங்கே உளி முனையால் சுரண்டி, மறுபடி உப்புத்தாள் போடுங்கள். ஆணித் துளைகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கும் வழக்கமும் இதே காரணத்தால் தொல்லை. துளைகளை ஸ்டெயினும் ஒரு கோட் சீலரும் முடிந்த பிறகு, அந்த நிறத்துக்குச் சேர்த்துக் குழைத்த பட்டியால் அடைத்தால் தெரியாது.

தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால், அடிப்பதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுவது நல்லது. பைனுக்கும் ரப்பர் மரத்துக்கும் திட்டு விழாமலிருக்க முன்பூச்சு கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 60 முதல் 100 கிராம் அரக்கைக் கரைத்து மெல்லிசாக ஒரு கோட் பூசி, காய்ந்தபின் 220-ஆல் லேசாகத் தடவுங்கள். நிறம் சற்றுக் குறைவாக ஏறும், ஆனால் சீராக ஏறும். இந்த முன்பூச்சின் மேல் ஸ்பிரிட் வகை ஸ்டெயினை அடிக்கக் கூடாது. அது அரக்கையே கரைத்துவிடும்.

துண்டுப் பலகை

வேலையில் மிஞ்சிய அதே மரத்துண்டில், அதே நம்பர் வரை தேய்த்து, அதே ஸ்டெயினை அடித்து, மேல்பூச்சும் போட்டுப் பார்க்காமல் கதவில் கை வைக்காதீர்கள். மேல்பூச்சையும் என்று அழுத்திச் சொல்லக் காரணம், காய்ந்த ஸ்டெயின் எப்போதும் மங்கிச் சாம்பல் பூத்தது போலத்தான் இருக்கும். அதைப் பார்த்து நிறம் போதவில்லை என்று இன்னொரு கோட் அடித்து, பிறகு வார்னிஷ் போட்டதும் கறுத்துவிட்டதே என்று வருந்துகிறவர்கள் ஏராளம். துண்டைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, அந்தச் சாமான் நிற்கப்போகும் அறையில் இரவு விளக்கில் ஒரு தடவை பாருங்கள். மஞ்சள் எல்.இ.டி.யில் சிவந்து தெரியும் மேஜை வெள்ளை எல்.இ.டி.யில் சாம்பலாகத் தெரியும். பிடித்த துண்டின் முதுகில் மரம், உப்புத்தாள் நம்பர், ஸ்டெயின், எத்தனை நிமிடம் ஊறவிட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்தல், துடைத்தல்

காலநிலையைப் பாருங்கள். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வைத்து அடித்தால் அடுத்த இழுப்பு வருவதற்குள் முந்தையது காய்ந்து, சேரும் இடத்தில் இரட்டைக் கோடு விழும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எண்ணெய் ஸ்டெயின் ஒரு நாளில் காய வேண்டியது இரண்டு, மூன்று நாள் எடுக்கும். காலை நேரத்து நிழல்தான் நல்லது. கிரகப்பிரவேசத் தேதி நெருங்குகிறது என்று, சுவர்ப்பூச்சின் ஈரம் காயாத வீட்டில் கதவுக்கு நிறம் ஏற்றுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. சிமெண்ட் தண்ணீர் தெறித்த இடம் தேக்கில் கறுத்துப்போகும். ஈரம் ஏறிய மரம் நிறத்தைச் சரியாக வாங்காது. பூஜைக்கு முன் கதவுக்கு வெறும் சீலர் ஒரு கோட் அடித்து நிறுத்திவிட்டு, நாள் கழித்து அதைத் தேய்த்தெடுத்து நிறம் ஏற்றுவதில் கூலி கொஞ்சம் கூடும். எனக்கு அது வீண்செலவாகத் தோன்றவில்லை.

டப்பாவைக் குலுக்காதீர்கள், நுரை வரும். தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிக் கலக்குங்கள். வேலைக்கு நடுவிலும் கலக்கிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் முதலில் அடித்த பலகை வெளிர்ந்தும் கடைசியாக அடித்தது கறுத்தும் வரும். இரண்டு டப்பா தேவைப்பட்டால் இரண்டையும் முதலிலேயே ஒரு வாளியில் ஊற்றி ஒன்றாக்கிவிடுங்கள்.

தூரிகையைவிடத் துணி மேல். பெயின்ட் கடைகளில் எடை போட்டு விற்கும் பனியன் துணிக்கு இணை இல்லை; நூல் பிரியாது, நன்றாக உறிஞ்சும். சாயம் போகிற நிறத் துணியை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். கையுறை போட்டு, துணியை நன்றாக நனைத்துத் தாராளமாகத் தேயுங்கள். முதல் தேய்ப்பு எந்தத் திசையில் போனாலும் கவலையில்லை, மரம் முழுதும் நனைந்தால் போதும். கண்களுக்குள் இறங்கட்டும் என்று சுற்றிச் சுற்றித் தேய்ப்பதுகூட நல்லதுதான். மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் மிச்சம் முழுவதையும் துடைத்தெடுங்கள். கடைசித் துடைப்பு மட்டும் ரேகையோடு, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிற்காமல் போக வேண்டும்.

துடைத்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நிறம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று மேலே ஒரு படலத்தை விட்டுவிடுகிறார்கள். மரத்துக்குள் போக முடியாத அந்த மிச்சம் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும்; அதன் மேல் அடித்த வார்னிஷ் பின்னால் உரியும். அடர்த்தி வேண்டுமானால் முதல் கோட் முழுதும் காய்ந்த பிறகு இரண்டாவது கோட் கொடுத்து, அதையும் துடையுங்கள். அதற்கும் மேல் வேண்டுமானால் அடர்ந்த நிறத்தை வாங்குவதே வழி.

கதவை முடிந்தால் கழற்றி, கட்டைகள் மேல் படுக்கவையுங்கள். முதலில் நடுப்பலகைகளும் அவற்றைச் சுற்றிய வளைவுகளும், பிறகு குறுக்குச் சட்டங்கள், கடைசியில் நெடுஞ்சட்டங்கள். ஒரு பலகையை அடித்துத் துடைத்து முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். செதுக்கு வேலை இருந்தால் காய்ந்த தூரிகையால் குழிகளில் தேங்கியதை எடுங்கள். நின்றபடி அடிக்க வேண்டியதைக் கீழிருந்து மேலாக அடியுங்கள். மேலிருந்து வந்தால் ஒழுகிய சொட்டுகள் உலர்ந்த மரத்தில் கோடாக இறங்கி, அந்தக் கோடு பிறகு போகாது.

மேல்பூச்சு

ஸ்டெயின் மரத்தைக் காப்பாற்றாது. நிறம் தரும், அவ்வளவுதான். மேலே வார்னிஷோ, மெலமைனோ, பி.யு.வோ கட்டாயம் வேண்டும். ஸ்டெயின் கரைந்த அதே திரவத்தில் கரையும் மேல்பூச்சை அதன் மேல் துணியால் தேய்த்தால் நிறம் கிளம்பிவரும். ஸ்பிரிட் ஸ்டெயின் மேல் அரக்குப் பாலிஷைத் தேய்க்காதீர்கள். எண்ணெய் ஸ்டெயின் மேல் தண்ணீர் வகை பி.யு. அடிப்பதானால் ஸ்டெயின் முழுதும் காய்ந்திருக்க வேண்டும். மூக்கை வைத்துப் பாருங்கள், டர்பன்டைன் நெடி இருந்தால் இன்னும் காயவில்லை. வெறும் ஸ்டெயினை ஒருபோதும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். முதல் கோட் சீலர் காய்ந்த பிறகு 320 நம்பரால் தடவலாம், அதுவும் ஓரங்களைத் தொடாமல்.

கோளாறு வந்தால்

பிசுபிசுப்பு போகவில்லை என்றால் அதே ஸ்டெயினை மேலே இன்னொரு தடவை தேயுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் புதியது பழையதை இளக்கிவிடும். உடனே முழுவதையும் துடைத்துவிடலாம். நிறம் அதிகமாகிவிட்டால், ஈரம் காய்வதற்குள் டர்பன்டைன் துணியால் துடைத்துக் குறைக்கலாம். காய்ந்துவிட்டால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை டர்பன்டைனில் நனைத்து ரேகையோடு தேய்த்தால் கொஞ்சம் குறையும். இரட்டைக் கோடு விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொடாமல், பலகை முழுவதையும் மறுபடி நனைத்துத் துடையுங்கள். பைனில் விழுந்த திட்டுகளுக்கு மட்டும் சுலபமான பரிகாரம் இல்லை. உப்புத்தாள் போட்டுத் திட்டுகள் போகும்வரை எடுத்துவிட்டு, ஜெல் ஸ்டெயினோடு புதிதாகத் தொடங்க வேண்டும்.

வேலை முடிந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது துணிகளை. ஆளி விதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் கலந்த ஸ்டெயின், காற்றோடு சேர்ந்து உலரும்போது சூட்டைக் கிளப்பும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் கூடி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பட்டறைகள் இப்படி எரிந்ததுண்டு. ஒவ்வொரு துணியையும் பிரித்து வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துப் போடுங்கள். அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்கி மூடிவையுங்கள். கொடியில் போட்டவை காய்ந்து விறைத்த பிறகு குப்பையில் போடலாம்.